மத்திப் பெட்டியும் வேன் ஃபிரிட்ஜும்

கேரள எல்லையோரப் புளியரையில், டீக்கடை வாசலில் மீன்காரர் தெர்மாக்கோல் பெட்டியைத் திறந்தார். கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்து மத்தி. மணி பன்னிரண்டு, வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஐஸ் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

"கரண்டே இல்லாம எப்படிண்ணே நிக்குது?"

"மூடிய சும்மா சும்மா தொறக்கக் கூடாது தம்பி. மீன் தண்ணில ஊறவும் கூடாது."

சொல்லிக்கொண்டே அடியில் இருந்த துணி அடைப்பைப் பிடுங்கினார். இளஞ்சிவப்புத் தண்ணீர் ஓடையாய் இறங்கியது. திரும்ப அடைத்துவிட்டு மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டார்.

வேனுக்குக் குளிர்பெட்டி வாங்குவது பற்றி எங்கள் வீட்டில் தினம் பட்டிமன்றம்.

விலை மலிவான தெர்மோஎலக்ட்ரிக் கூலர், அதாவது கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்த பெட்டி, வெளிச்சூட்டிலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். மூடிய வேனுக்குள் 40 டிகிரி என்றால் பால் 20-இல் நிற்கும். அதற்குப் பெயர் குளிர்ச்சியா? போதாததற்கு ஓயாமல் கரண்ட் இழுக்கும்.

வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரியே வேலை செய்யும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் அப்படியில்லை. ஓடும்போது சுமார் 50 வாட், குளிர்ந்ததும் தானாக நின்றுவிடும். விலையைக் கேட்டால் நாம்தான் உறைந்துபோகிறோம்.

அப்புறம் இதை ஓட்ட பேட்டரி. 100 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள லெட் ஆசிட் என்றாலும் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போச்சு. லித்தியம் என்றால் பெரும்பகுதியை எடுக்கலாம். அதுவும் காசுதான்.

என் ஓட்டு 30 லிட்டர் கம்ப்ரஸருக்கு. ஐஸ்கிரீம் நிற்குமா என்கிறாள் மகள். மைனஸ் 18-இல் வைத்தால் நிற்கும்.

ஒரே அறைதான் என்பதால் தயிரும் கல்லாகிவிடும். அதை அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.