சர்க்கரைக் கரைசல், உருளைக்கிழங்கு, போர் தண்ணீர்

சவ்வூடு பரவல் (செல் சவ்வு வழியாகத் தண்ணீர் அடர்ந்த கரைசல் பக்கம் நகர்வது) பிராக்டிகலில் ஆறு பீக்கர் வரிசையாக இருக்கும்: 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல்) சர்க்கரைக் கரைசல். ஒவ்வொன்றிலும் உருளைக்கிழங்குத் துண்டுகள். எடை கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்து வரைபடம் போட்டு, கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தை, அதாவது எடை மாறாத சமநிலைப் புள்ளியைக் குறிக்க வேண்டும். சாதாரணமாக அது 0.25க்கும் 0.35க்கும் நடுவே விழும். விழாவிட்டால் எல்லோரும் கிழங்கைக் குறை சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலான தவறுகள் கிழங்கை வெட்டுவதற்கு முன்பே, கரைசல் கலக்கும் மேசையிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342.3. ஆகவே 100 மி.லி. 1 மோலார் கரைசலுக்கு 34.2 கிராம். இதை வைத்து அடிக்கடி நடக்கும் தவறு: மெஷரிங் ஜாரில் 100 மி.லி. தண்ணீர் பிடித்து, அதில் 34.2 கிராம் சர்க்கரையைக் கொட்டிக் கலக்குவது. சர்க்கரையும் இடம் பிடிக்கும். கரைந்தபின் மொத்தம் சுமார் 121 மி.லி. வரும், செறிவு 0.83 மோலார்தான். லேபிளில் மட்டும் 1.0 என்று இருக்கும். அதிலிருந்து நீர்த்துச் செய்யும் எல்லாக் கரைசலிலும் இதே பிழை தொடரும். உண்மையில் 0.28-இல் இருக்கும் சமநிலை வரைபடத்தில் 0.34 என்று தெரியும்.

சரியான முறை இது. 250 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்க்குக்கு 85.6 கிராம் சர்க்கரை எடுங்கள். பீக்கரில் 130 மி.லி. தண்ணீரில் கரைத்து, புனல் வழியாக பிளாஸ்க்கில் ஊற்றுங்கள். பீக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி அதையும் சேர்த்து, கடைசியில் கழுத்துக் கோடு வரை நிரப்புங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று சூடாக்கினால், ஆறிய பிறகுதான் கோடு வரை நிரப்ப வேண்டும். சூட்டோடு நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கிவிடும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு எதுவும் சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்து, சவ்வூடு பரவலைத் தீர்மானிக்கும் துகள் எண்ணிக்கை இரட்டிப்பு வரை கூடிவிடும்.

கடையில் கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரையே போதும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம். அவற்றில் வேறு சர்க்கரைகளும் உப்புகளும் கலந்திருக்கும். மழைக்காலத்தில் டப்பாவில் கட்டி பிடித்த சர்க்கரை ஈரத்தோடு சேர்த்து எடை காட்டும் என்பதால் புதுப் பாக்கெட்டைப் பிரிப்பது நல்லது.

ஒவ்வொரு பீக்கருக்கும் 50 மி.லி. கரைசல் வேண்டுமானால், பிளாஸ்க்கில் தயாரித்த 1 மோலார் கரைசலிலிருந்து (ஸ்டாக்) 10, 20, 30, 40 மி.லி. எடுத்து 50 வரை தண்ணீர் சேர்க்கவும். கடைசி பீக்கருக்கு 50 மி.லி.யும் ஸ்டாக்கே. மொத்தம் 150 மி.லி. செலவாகும். ஸ்டாக் கெட்டியாக இருப்பதால் பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டால் 10 மி.லி. என்பது குறைந்துவிடும். கனமான பாகு அடியில் தங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும் இழை இழையான கோடுகள் மறையும்வரை கலக்க வேண்டும்.

இனி சென்னைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். 0 மோலார் பீக்கரில் எந்தத் தண்ணீர்? கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவை, மில்லிகிராமில்) 1500 காட்டினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் சொல்லும் வரம்பு 500. வேறு வழியில்லாதபோது 2000 வரை. இந்த 1500 மில்லிகிராமும் சாதாரண உப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், லிட்டருக்கு 0.026 மோல். உப்பு இரண்டு அயனியாகப் பிரிவதால் துகள் கணக்கில் 0.05. அதாவது உங்கள் ‘பூஜ்யம்’ 0.05 மோலார் சர்க்கரைக்குச் சமம். 30 டிகிரியில் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 1.3 பார். அந்தத் தண்ணீரிலேயே மற்ற கரைசல்களையும் நீர்த்தால் வரைபடம் முழுவதுமே நகர்ந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆர்ஓ தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் பரவாயில்லை. டிடிஎஸ் மீட்டரில் ஒருமுறை பார்த்து, அந்த எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுங்கள்.

இதே துகள் கணக்கு சதவீதத்திலும் ஏமாற்றும். 10 சதவீதச் சர்க்கரைக் கரைசல் 0.29 மோலார், கிழங்கின் சமநிலைக்குப் பக்கத்தில் நிற்கும். 10 சதவீத உப்புக் கரைசலோ 1.71 மோலார், இரண்டு அயனிகளையும் எண்ணினால் சர்க்கரையைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. அதில் போட்ட துண்டு துவண்டுதான் போகும். ‘10 சதவீதக் கரைசல்’ என்று மட்டும் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

கிழங்குக்கு வருவோம். எல்லாத் துண்டுகளும் ஒரே கிழங்கிலிருந்து, முடியாவிட்டால் ஒரே குவியலிலிருந்து. ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சமநிலைப் புள்ளி வலப்பக்கம் நகரும். முளைவிட்டதும் வேண்டாம். 8 மி.மீ. கார்க் துளைப்பானால் குத்தி எடுத்து, 40 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் ஒரு துண்டு சுமார் 2.2 கிராம் இருக்கும். தோல் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் நுழையாது. ஓரத்தை வெட்டித் தள்ளுங்கள். மின்விசிறிக்கு அடியில் தட்டில் பரப்பி வைப்பதுதான் பெரிய கெடுதல். எடை போடும்வரை மூடிய பெட்ரி டிஷ்ஷில் இருக்கட்டும்.

பீக்கருக்கு மூன்று துண்டு. தராசு 0.01 கிராம் காட்டினால் தனித்தனியாக எடை போடலாம். 0.1 கிராம்தான் காட்டும் என்றால், 2.2 கிராம் துண்டில் ஒரு இலக்கம் மாறினாலே நாலரை சதவீதம். அப்போது மூன்றையும் சேர்த்து நிறுப்பதே நல்லது. ஸ்கேலில் நீளம் அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: எடை 10 சதவீதம் கூடும்போது நீளம் 3 சதவீதம்தான் கூடும், 40 மி.மீ.யில் அது ஒரு மி.மீ.யைச் சற்றே தாண்டும்.

ஒரு மணி நேரம் ஊறவிட்டாலே போக்கு தெரிந்துவிடும், இரண்டு மணி நேரம் இன்னும் நல்லது. இரவு முழுக்க விட்டால் நம் ஊர் வெப்பத்தில் சர்க்கரைத் தண்ணீர் புளிக்கத் தொடங்கும், எறும்பும் வரும். டெஸ்ட் ட்யூபில் 20 மி.லி. மட்டும் எடுத்தால், அடர்ந்த கரைசலில் துண்டுகளிலிருந்து வெளியேறும் 2 மி.லி. தண்ணீரே கரைசலைப் பத்தில் ஒரு பங்கு நீர்த்துவிடும், 50 மி.லி. கேட்பது அதற்காகத்தான். வெளியே எடுத்ததும் ஃபில்டர் பேப்பரில் ஒருமுறை உருட்டுங்கள், பிழியாதீர்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு உருட்டல்.

2.20 கிராம் துண்டு 2.42 ஆனால் 10 சதவீத ஏற்றம். கிராம் வித்தியாசத்தை அப்படியே வரையக் கூடாது. தொடக்க எடைகள் வேறு வேறு. ஆறு புள்ளிக்கும் ஸ்கேல் வைத்து ஒரே நேர்கோடு இழுப்பதும் தவறு. உயர் செறிவில் வளைவு படுத்துவிடும், அதனால் பூஜ்யத்துக்கு இருபக்கமும் உள்ள புள்ளிகளை மட்டும் இணையுங்கள். கடக்கும் இடம் 0.30 என்றால், அதை வாயு மாறிலியான 0.0831-ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, முன்னால் கழித்தல் குறி போடுங்கள். அறையில் 30 டிகிரி, அதாவது 303 கெல்வின்: மைனஸ் 7.6 பார். வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1887-இல் தந்த சமன்பாடு இதுதான்.

இந்த மைனஸ் 7.6 திசுவின் நீர் இயல் திறன் (தண்ணீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்லும் அளவு). செல் சாற்றின் செறிவு என்று வைவாவில் சொன்னால் தவறு. செல் சுவரைத் தள்ளும் விறைப்பு அழுத்தமும் இதற்குள் சேர்ந்திருக்கிறது. சாற்றின் கணக்கு வேண்டுமானால் ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் ஊதாப் பக்கத் தோலை உரித்து, அதே கரைசல்களில் 15 நிமிடம் வைத்து, பாதி செல்களில் உயிர்மச் சுருக்கம் (செல்லின் உள்பகுதி சுவரை விட்டு விலகிச் சுருங்குவது) தெரியும் செறிவை மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும்.

நேரமிருந்தால் ஏழாவதாக ஒரு பீக்கரில் உங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீரையே வையுங்கள். அதில் வந்த எடை மாற்றம் வளைவில் எந்தச் செறிவுக்கு நேராக விழுகிறது என்று பாருங்கள். 0.05 மோலார் வித்தியாசம் சிறியது. மூன்று துண்டில் பிடிபடாமல் போகலாம், ஐந்தாறு துண்டாவது போடுங்கள்.