மஞ்சளாகிப்போன ஈரல்

எங்கள் வீட்டில் கோழி அறுப்பது அம்மாவின் வேலை. 78 வயதிலும் அந்தக் கத்தியை யாரிடமும் தரமாட்டார். போன வருடம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, குழாயடியில் உட்கார்ந்து ஒரு பெட்டையைப் பிளந்தவர், "ஐயா, இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிட்டார். உள்ளங்கையில் ஈரல். கருஞ்சிவப்பாக, ஓரம் கூராக இருக்க வேண்டியது, வெந்த மரவள்ளிக்கிழங்கு நிறத்தில் உப்பி, ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். பிட்டு மாதிரி உதிர்ந்தது.

"இத எப்படிப்பா பிள்ளைக்குக் குடுக்கிறது?"

ஈரல் எப்போதும் என் பேரனுக்குத்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். தோட்டத்து லயத்து வீட்டை இடித்த பிறகு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வாங்கிய வீடு. பின்னால் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். முப்பது கம்போங் கோழிகள், நாட்டுக்கோழிகள்தான், நாள் முழுக்க அங்கேதான் மேயும். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அடை வைத்த முட்டைகளில் பாதி பொரிக்கவில்லை. பொரித்த குஞ்சுகளும் வயிறு தண்ணீர்ப் பை போலத் தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் செத்தன. அம்மா கீழாநெல்லியை அரைத்து உருட்டிக் கொடுத்துப் பார்த்தார். மனிதர்களின் மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பதுதானே, கோழிக்கு ஆகாதா என்று கணக்கு. ஆகவில்லை.

கால்நடை அலுவலகத்துக்குப் போன் போட்டால், வெள்ளைக்கழிச்சலா, தடுப்பூசி போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். அது இல்லை என்று புரிய வைத்ததும், ஈப்போவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். செத்த குஞ்சைக் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியின் மேல் தட்டில் உறைய வைத்து எடுத்துப் போனேன். அங்கே இருந்த இளம் டாக்டர், நம்ம பிள்ளைதான், தலையில் கை வைத்துக்கொண்டது.

"உறைஞ்சா செல்லுக்குள்ள ஐஸ் குத்திக் கிழிச்சிடும் அங்கிள். மைக்ராஸ்கோப்புல ஒன்னும் தெரியாது. செத்த உடனே பையில போட்டு ஐஸ் கட்டிக்கு நடுவுல வச்சுக் கொண்டாங்க. நோய் கண்ட உயிர்க்கோழி ஒன்னு சேர்த்துக் கொண்டாந்தா இன்னும் நல்லது."

மறுபடி ஒரு நாள் லீவு, மறுபடி ஈப்போ. இந்த முறை தீவனத்திலும் ஒரு கிலோ கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது, ஏனென்றால் மக்காச்சோள மூட்டை மழைச்சாரலில் நனைந்த ஒன்று. பூஞ்சை பிடித்த சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அதுவும் ஈரலைத்தான் அடிக்கும், ஈரல் இதே மாதிரிதான் வெளுத்து உப்பும். நம்ம ஊர் வெக்கைக்கும் மழைக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான் என்றார் டாக்டர். அந்த மூட்டையை நான்தான் வாங்கிப் போட்டேன். முடிவு வரும் வரைக்கும் அம்மா முகத்தைப் பார்க்கவே சங்கடம்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தீவனம் பரவாயில்லை. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. ஈரல் செல்களில் கொழுப்பு ஏறி, ஆங்காங்கே செத்துப் போயிருந்தன. இதயத்தைச் சுற்றியும் நீர். ஈரலில் ஈயம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல்.

"ஈரல் கெட்டிருக்குன்னு ஈரல் சொல்லும் அங்கிள், யாரு கெடுத்தாங்கன்னு சொல்லாது. உங்க கோழி எங்க மேயுது?"

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒழுங்காகப் போய்ப் பார்த்தேன். பழைய இரும்புச் சாமான் வாங்கும் ஒருவர் அங்கே ராத்திரியில் ஒயர் எரிக்கிறார். உறை எரிந்து போனால் உள்ளே இருக்கும் செம்பை எடுத்து விற்கலாம். நாற்றம் எங்களுக்குத் தெரியும், யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று சன்னலைச் சாத்திக்கொள்வோம். பகலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கறுப்புச் சாம்பல், ஒவ்வொரு வட்டத்திலும் குழி பறித்து என் கோழிகள் சொகுசாகப் புரண்டுகொண்டிருந்தன. கோழிக்கு மண் குளியல் என்றால் உயிர். அதிலும் சாம்பல் கிடைத்தால் விடுமா?

ஒயர் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. எரியும்போது செம்பு வினையூக்கியாக நின்று டையாக்சின் என்ற நஞ்சு உருவாகத் துணை போகிறது. பழைய பிவிசியில் ஈயமும் கலந்திருக்கும். கோழி மண்ணைக் கொத்தும்போது எல்லாம் உள்ளே போகும். டையாக்சின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் தங்கும். ஈரலில் சேரும், முட்டையின் மஞ்சள் கருவில் இறங்கும். 1999-இல் பெல்ஜியத்தில் டையாக்சின் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கலந்த கொழுப்பு கோழித் தீவனத்தில் போய்ச் சேர்ந்தது, அப்போதும் முட்டை பொரிக்காமல் போனது முதல் அடையாளங்களில் ஒன்று என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொரிக்காத முட்டைகளின் கூடப் பிறந்தவற்றை நாங்கள் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம்.

டையாக்சின் சோதனைக்குத் தனிக் கருவி வேண்டும், செலவும் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). செய்யவில்லை. ஆக, அதுதான் காரணம் என்று என்னிடம் காகிதம் இல்லை. பேரனுக்கும் அம்மாவுக்கும் இரத்தத்தில் ஈயம் பார்த்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

புகார் கொடுத்த கதை தனி. முதல் அலுவலகத்தில் "என் கோழிகள் செத்துவிட்டன" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். கோழியைச் சொன்னால் அது உன் வீட்டுப் பிரச்சினை. நெருப்பைச் சொன்னால்தான் சட்டம் எழுந்து வரும். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. அடுத்த கடிதத்தில் கோழி என்ற சொல்லே இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நெருப்பு, எவ்வளவு நேரம் என்று பதினோரு ராத்திரிக் கணக்கும் படங்களும் வைத்துச் சுற்றுச்சூழல் துறைக்கு மலாயில் எழுதினேன். முதல் தடவை அதிகாரிகள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். பத்து மணிக்கு எவன் எரிப்பான்? நெருப்பு பற்றியதும் போன் அடிக்கச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடித்தேன். இரண்டாவது தடவை ராத்திரி ஒன்பதரைக்கு வந்தார்கள், கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதோடு நின்றது.

மிச்சம் பதினான்கு கோழிகள். சிமெண்டுத் தரை போட்டுக் கம்பி வலை அடித்து உள்ளே விட்டோம். அவற்றின் முட்டையைக் குழி தோண்டிப் புதைத்தோம். அம்மாவுக்கு அதுதான் ஆறவில்லை, ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அந்த இரும்புக் கடையில் வேலை செய்யும் பையன், முதலாளி கொடுக்கச் சொன்னார் என்று கால் கட்டிய இரண்டு சேவல்களோடு வந்து நின்றான். நான் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இது எங்க மேஞ்சது?"

பையன் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினான்.