இருந்தும் கிடைக்காத கட்டளை

மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 9-ஆம் பதிப்பிலிருந்து 10-க்கு மாறிய சில நாட்களில், வழக்கம்போல முனையத்தைத் திறந்து, பயனரை மாற்றும் எஸ்யூ கட்டளையால் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகி, தொகுப்புகளைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தேன். தொகுப்புகள் எல்லாம் தரவிறங்கின. நிறுவும் கட்டத்தில், 'எல்டிகான்ஃபிக்', 'ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன்' ஆகிய இரண்டு நிரல்களும் பாத்தில் (கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலில்) இல்லை அல்லது இயக்கத்தக்கவையாக இல்லை என்று தெரிவித்துவிட்டு, தொகுப்புகளை நிறுவும் நிரலான டிபிகேஜி பிழை எண் 2-உடன் நின்றுவிட்டது.

எல்டிகான்ஃபிக் லிப்சி-பின் தொகுப்பில் வருவது என்பதால், அத்தொகுப்பை மீண்டும் நிறுவ முயன்றேன். ஆனால் அதை நிறுவித் தர வேண்டியதும் அதே டிபிகேஜிதான். அதே வரிகளைக் காட்டி அதற்கும் மறுத்துவிட்டது. அப்போதுதான் ஒரு சந்தேகம் எழுந்தது. ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் டிபிகேஜி தொகுப்பிலேயே சேர்ந்து வரும் நிரல். டிபிகேஜி இயங்கிக்கொண்டிருக்க, அது மட்டும் எப்படித் தொலையும்?

நிர்வாக நிரல்கள் இருக்கும் எஸ்பின் கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். இரண்டும் இயக்க அனுமதியோடு அங்கேயே இருந்தன. பிறகு பாத் மாறியின் மதிப்பை அச்சிட்டேன்: விளையாட்டுகளுக்கான கோப்புறைகூட அதில் இடம்பெற்றிருந்தது, எஸ்பின் மட்டும் இல்லை. அதாவது, ரூட்டாக மாறிய பின்னும் சாதாரணப் பயனரின் பாத்தே தொடர்ந்திருக்கிறது. ரூட்டின் பாத்தில் எஸ்பின் இருக்க வேண்டும் என்று பிழைச்செய்தியின் கடைசி வரி சொல்லியிருந்தது. முதல் இரண்டு வரிகளைப் பார்த்ததும் பதறிய நான் அதைப் படிக்கவே இல்லை.

காரணம் பதிப்பு மாற்றத்தில் இருந்தது. டெபியன் 9 வரை எஸ்யூ கட்டளை ஷேடோ தொகுப்பிலிருந்து வந்தது. ரூட்டாக மாறும்போது பாத்தையும் அது மாற்றிக் கொடுத்தது. 2019 ஜூலையில் வெளியான 10-இல் யூடில்-லினக்ஸ் தொகுப்பின் எஸ்யூ அதன் இடத்துக்கு வந்தது. வெறுமனே அழைத்தால் அது பழைய பாத்தை அப்படியே விட்டுவிடும். எஸ்யூவுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடு இட்டால்தான் ரூட்டின் முழுச் சூழலும் கிடைக்கும். லாகின் அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய நடத்தையைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. இயல்பிருப்பை மாற்றிவிட்டுப் பின்னர் மறந்துபோவதைவிடச் சிறுகோட்டுக்குக் கையைப் பழக்குவதே மேல் என்று அதைத் தொடவில்லை.

வெளியேறி, சிறுகோட்டுடன் மீண்டும் உள்ளே வந்தேன். டிபிகேஜி வேலையைத் தொடங்கும் முன்பே நின்றிருந்ததால், 'ஆடிட்' சோதனையில் அரைகுறையாக நிறுவப்பட்ட தொகுப்பு எதுவும் தென்படவில்லை. தரவிறக்கியவை ஆப்டின் தேக்ககத்திலேயே இருந்தமையால், கைப்பேசி இணையத்தில் மறுபடி டேட்டா செலவழியாமல் மேம்படுத்தல் முடிந்தது.