மந்த காலத்தில் கார் மாற்றிய கதை: விற்கையில் விலை இல்லை, வாங்கையில் விலை இறங்கவில்லை

பொருளாதாரம் படுத்தால் பழைய கார் விலையும் சேர்ந்து படுத்துவிடும் என்று நம்பித்தான் இந்த வேலையில் இறங்கினேன். பாதிதான் சரி. பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சின்ன வண்டிக்கு மாற 11 வாரம் பிடித்தது. கொடுக்க வேண்டிய வண்டியின் விலை சரிந்து கிடந்தது. வாங்க வேண்டிய வண்டியின் விலையோ அசையவே இல்லை. காரணம் முன்பே தெரிந்திருந்தால் பாதி நாட்களில் முடித்திருக்கலாம்.

மந்தம் வந்தால் வாங்குபவர்கள் எல்லோரும் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். புது வண்டி வாங்க இருந்தவர் மூன்று வயது வண்டி பார்க்கிறார், மூன்று வயது வண்டி பார்த்தவர் எட்டு வயது வண்டிக்கு வருகிறார். மேல்படியில் ஆள் குறைகிறது, கீழ்ப்படியில் கூட்டம் சேருகிறது. புது வண்டி விற்பனை குறைவதால் பழையதைக் கொடுத்துப் புதியது எடுப்பவர்களும் குறைகிறார்கள். அதனால் கீழ்ப்படிக்கு வரவேண்டிய சரக்கும் வருவதில்லை. எனவே முதலில் அடிவாங்குபவை பெரிய வண்டிகள், சொகுசு வண்டிகள், எரிபொருள் குடிக்கும் வண்டிகள். சிக்கனமாக ஓடும், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் சின்ன வண்டி கடைசிவரை விலையைப் பிடித்து நிற்கும்.

விற்பவர் செய்யும் முதல் தப்பு விளம்பர விலையைப் பார்ப்பது. நானும் அதையே செய்தேன், மூன்று வாரம் போனது. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. சந்தை இறங்கும்போது கைமாறும் விலை முதலில் இறங்கும், கேட்கும் விலை பல வாரம் கழித்துத்தான் பின்தொடரும். வாங்கிய விலை மனதில் நிற்பதால் உரிமையாளர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உண்மை நிலவரம் தெரிய வேண்டுமானால் உங்கள் வண்டி போன்ற பத்து விளம்பரங்களைக் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். விலை மாறாமல் அப்படியே கிடப்பது விற்காத விலை. இரண்டு முறை குறைத்த பிறகு காணாமல் போனதுதான் ஏறக்குறைய சந்தை விலை. கூடவே மூன்று டீலர்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். அது மனதுக்குப் பிடிக்காது, ஆனால் அதுதான் அடிமட்ட விலை.

டீலர் ஏன் அவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டால் பேரம் பேச வழி கிடைக்கும். புதிதாக வாங்கிய விலை 100 என்று வைத்துத்தான் இங்கே எல்லாத் தொகையையும் சொல்கிறேன். வண்டியை அவர் 56-க்கு விற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். விற்க 60 நாள் ஆகும், அதற்குள் விலை இன்னும் 3 இறங்கும் என்று கணக்குப் போடுகிறார். டயர், பேட்டரி, பாலிஷ் 2. பெரும்பாலான டீலர்கள் கடன் எடுத்துத்தான் சரக்கு நிறுத்துகிறார்கள், அதற்கு வட்டி 1. லாபம் 5. ஆக உங்களிடம் 45 சொல்கிறார். நல்ல காலத்தில் அந்த 3 இருக்காது, 60 நாள் 30 நாளாக இருக்கும். லாபத்தைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. செலவுக் கணக்கை உடையுங்கள்: சர்வீஸ் ரசீதுகள் முழுதும், இரண்டாவது சாவி, புது பேட்டரியின் உத்தரவாத அட்டை. இவை கையில் இருந்தால் அந்த 2-ஐத் தைரியமாகக் கேட்கலாம். விற்கப் போகும் முன் டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். தடிமன் பார்க்கும் கருவி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பட்டி பார்த்த இடம் பல நூறு காட்டும். சின்னச் சிராய்ப்பை மறைக்கப் போய், பெரிய விபத்தை மறைத்தது போலாகிவிடும்.

இப்போது எனக்கு வீணாய்ப் போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன். ஒரு வாங்கும் நிறுவனம் இணையத்தில் நல்ல விலை சொன்னது. ஏழு நாள்தான் செல்லும், ஆறாம் நாள் நேரம் கொடுத்தார்கள். முந்தின நாள் பேட்டரி மாற்றினேன். அதுதான் வினையாகிப் போனது. பரிசோதகர் ஸ்கேனரைச் செருகியதும் பழுதுக் குறியீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது வண்டிக் கணினி தானே செய்து பார்க்கும் சோதனைகள், பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டின. பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல வண்டிகளில் கணினி தன் பழைய சோதனை முடிவுகளை மறந்துவிடும். ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எரிபொருள் ஆவிக் கசிவு என்று ஒவ்வொன்றையும் அது மறுபடி சோதித்து முடிக்க வேண்டும். எஞ்சின் விளக்கை அணைக்கக் குறியீட்டை அழித்துவிட்டு வருபவரின் வண்டியும் இதே மாதிரிதான் காட்டும். பரிசோதகர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பேட்டரி ரசீதை நீட்டினேன், பார்க்கவே இல்லை. மறுபடி நேரம் வாங்குவதற்குள் ஏழு நாள் முடிந்து, புது விலை வந்தது. பழையதைவிட 4 சதவீதம் குறைவு. பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் பத்து நாள் முன்பே மாற்றுங்கள். பிறகு நெடுஞ்சாலையும் நகர ஓட்டமும் கலந்து நூறு, நூற்றைம்பது கி.மீ. ஓட்டுங்கள், சில முறையாவது இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் எடுங்கள். மலிவு ஸ்கேனர் ஒன்று இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகலாம்.

அதைவிடக் கசந்தது கடன் கணக்கு. 100-க்கு வாங்கிய வண்டிக்கு 90 கடன், 10 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1.49. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் பாக்கி 59 நிற்கும். சாதாரண காலத்தில் மூன்று வயது வண்டி 60-க்குப் போனால் கணக்கு நேர். மந்தத்தில் 52-க்குத்தான் போகிறது என்றால் வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து 7-ஐயும் போட்டால்தான் கடன் அடையும். முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். இந்தப் பள்ளத்தைப் புது வண்டிக் கடனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். புது வண்டி முதல் நாளிலிருந்தே மதிப்பைவிடக் கடன் அதிகமாக நிற்கும். வேலை போனால் தப்பிக்க வழியே இருக்காது.

கடனை அடைத்த பிறகும் காகிதம் வந்தால்தான் வண்டி உங்களுடையது. கடன் கொடுத்த இடத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். முதல் முறை, முடிக்கும் தொகைக்கான கடிதம் கேட்டேன். கொடுத்தார்கள், அதில் கடைசித் தேதி இருந்தது. வாங்குபவர் இரண்டு நாள் தள்ளிப்போட்டதும் கடிதம் செல்லாது, வட்டி நாள்கணக்கில் ஏறியிருந்தது. இரண்டாம் முறை பணம் கட்டினேன். பாக்கி இல்லை என்ற சான்றுக்கு "தபாலில் வரும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். எத்தனை நாளில் என்று கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் தெரிந்தது, சான்று பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வந்து அவர்கள் மேசையிலேயே கிடந்தது. முகவரி மாற்றத்தை ஒரு வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். விளம்பரம் போடும் முன்பே இந்த நான்கையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முடிக்கும் தொகை, அது செல்லும் தேதி, சான்று வர எத்தனை நாள், பதிவேட்டில் கடன் கொடுத்தவர் பெயரை நீக்குவது யார் வேலை. விலை இறங்கும் சந்தையில் காகிதத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் பணம்தான் போகிறது.

வாங்க வருபவரிடம் முதல் கேள்வி "ரொக்கமா, கடனா?" என்பதாக இருக்கட்டும். மந்தத்தில் கடன் கொடுப்பவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். வண்டி மதிப்பைக் குறைத்துப் போடுகிறார்கள், அந்த மதிப்பிலும் குறைந்த பங்குக்குத்தான் கடன் தருகிறார்கள். என்னிடம் 54-க்கு ஒத்துக்கொண்டவருக்கு கடன் கொடுக்க இருந்தவர் 50 என்று மதிப்புப் போட்டு, அதில் 75 சதவீதம் தந்தார். அவர் எதிர்பார்த்தது 43, கிடைத்தது 37.5. மீதிக்கு அவரிடம் வழியில்லை. நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டுப் போனார். ஆனால் பத்து நாள் போய்விட்டது. அதன் பிறகு, அனுமதிக் கடிதம் கையில் இல்லாதவருக்காக வண்டியை நிறுத்தி வைக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் ஏறும்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2008-இல் அமெரிக்காவில் ஜூலை வரை எரிபொருள் விலை ஏறிப் பெரிய வண்டிகளை அடித்தது. பிறகு கடன் சந்தை உறைந்ததும் எல்லா வண்டியும் சேர்ந்து சரிந்தது. ஆனால் 2007-இல் 1.6 கோடியாக இருந்த புது வண்டி விற்பனை 2009-இல் ஏறக்குறைய 1.04 கோடிக்கு இறங்கியதால், 2011, 2012 வாக்கில் இரண்டு மூன்று வயது வண்டிகளுக்கே பஞ்சம் வந்து விலை ஏறியது. போதாக்குறைக்கு 2009-இல் அரசே பழைய வண்டிகளை ஒழிக்கப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் கிட்டத்தட்ட 6,77,000 வண்டிகளின் எஞ்சின்களில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு இறுகச் செய்தார்கள். ஜெர்மனியும் அதே ஆண்டில் ஒன்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு 2,500 யூரோ கொடுத்து அழித்தது. மலிவு வண்டி தேடியவர்களுக்கு அது நேரடி அடி. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் டீலர்கள் மொத்தமாக வாங்கும் சந்தையில் பழைய கார் விலை ஒரே மாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. மே மாதத்தில் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதும் வாடகைக் கார்கள் வெள்ளமாக வரும் என்று பயந்தார்கள். சில மாதங்களிலேயே விலை திரும்பி ஏறியது. சிப் தட்டுப்பாட்டில் புது வண்டி வராததால், 2021 ஜூனில் பழைய கார் விலை முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் அதிகமாக இருந்தது.

ஆகவே பொறுக்கலாமா என்பதற்கு நான் பார்த்த அளவுகோல் இது: புது வண்டி உற்பத்தி நின்றிருக்கிறதா, அல்லது வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தேங்கியிருக்கிறதா? நின்றிருந்தால் பழையது சீக்கிரம் ஏறும். தேங்கியிருந்தால் புதியதற்குத் தள்ளுபடி வரும், அது ஒன்றிரண்டு வயது வண்டிகளின் விலையை இன்னும் கீழே இழுக்கும். நான் விற்ற நேரத்தில் தள்ளுபடி விளம்பரங்கள் வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டிருந்தன. காத்திருக்கவில்லை, 51-க்குக் கொடுத்தேன்.

வாங்குவது விலை விஷயத்தில்தான் கஷ்டம், மற்றபடி சீக்கிரம் முடிந்தது. ஆனால் மந்த காலத்து வண்டியில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கையில் காசில்லாத உரிமையாளர் முதலில் வெட்டுவது பராமரிப்பைத்தான். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இரண்டு வருடமாக ஆயில் மாறியிருக்காது. குளிர்ந்த எஞ்சினில்தான் பார்ப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஒரு வண்டியில் தார் மாதிரி கெட்டியாக வந்தது. மீட்டரில் 62,000 கி.மீ.தான் காட்டியது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால் மாற்றிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலையில் கழியுங்கள், ஏனென்றால் பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. நான்கு டயரிலும் ஒரே காலம் இருக்கிறதா, பட்டன் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோ சஸ்பென்ஷனோ போயிருக்கிறது. தவணை கட்டாமல் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்த வண்டிகளும் இந்தக் காலத்தில் நிறைய வரும். ஒரே சாவி, சர்வீஸ் புத்தகம் இல்லை, மாதக்கணக்கில் நின்றதால் பிரேக் டிஸ்க்கில் ஆழமான துரு, ஓட்டினால் டயரில் தடதடப்பு. விலை நன்றாக இருந்தால் வாங்கலாம். ஆனால் பிரேக், பேட்டரி, டயர், எல்லாத் திரவங்களும் மாற்றும் செலவைச் சேர்த்த பிறகும் நன்றாக இருக்க வேண்டும். நான் பார்த்த இரண்டும் அந்தக் கணக்கில் தேறவில்லை. மூன்றாவதாகப் பார்த்தது ஏழு வயது வண்டி, ஒரே கை, ரசீதுகள் தேதிவாரியாக ஒரு கோப்பில் இருந்தன. கேட்ட விலையில் 2 சதவீதம்தான் குறைத்தார். அதற்கு மேல் பேசவில்லை. பின்னாலேயே இன்னொருவர் காத்திருந்தார்.

பழையதைக் கொடுத்த அன்று வண்டி கைமாறிய தேதியையும் மணி நிமிடத்தையும் மீட்டர் அளவையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன், வண்டியில் சேமித்திருந்த கைபேசி இணைப்பையும் வீட்டு முகவரியையும் அழித்தேன். பதிவு அலுவலகத்துக்கு விற்பனைத் தகவலை அன்று மாலையே அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து ஒரு வேக அபராதச் சீட்டு என் பெயருக்கே வந்தது. குற்ற நேரம், நாங்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மணி 40 நிமிடம் கழித்து. அந்தத் தாளின் நகலை அனுப்பினேன், அபராதத்தை என் பெயரிலிருந்து நீக்கிவிட்டார்கள்.