கச்சத்தீவு முழக்கத்துக்குள் அடங்காத மீனவர்

வாக்குக் கேட்டு மேடை போடும் காலம் வந்தால் தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை ‘கச்சத்தீவை மீட்போம்’ என்ற குரல் ஓங்கிவிடும். மக்கள் எல்லோரையும் ஒரே குரலாக்கி, எதிரே ஒரு பகையை நிறுத்துவதுதான் வெகுமக்கள்வாதம். மனித உரிமை அப்படியல்ல, பிடிபட்டு நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக உரியது.

நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்வதில் பல, யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நெடுந்தீவை ஒட்டிய கடலில் நடக்கின்றன. அது கச்சத்தீவுக்கும் அப்பால். கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, மீனவரும் பக்தர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 1976இல் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்களோ, ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. இந்த இரண்டாவதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

பிடிபட்ட தகவல் வந்ததும் படகின் பதிவு எண், போனவர்கள் பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் எழுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் அன்றே கொடுக்க வேண்டும். கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்காமல் போன படகென்றால் யார் யார் ஏறினார்கள் என்பதே குழப்பமாகிவிடும். தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் செய்வது கைதானவரின் உரிமை; 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு அது. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. படகைக் கேட்க உரிமையாளர் ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டும், இல்லையேல் படகு அரசுடைமையாகிவிடும். எனவே பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

இதில் மிகவும் நசுங்குவது கூலிக்குப் போகிறவர்தான். முதல்முறை பிடிபட்டவரை ஒத்திவைத்த தண்டனையோடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபடி சிக்காவிட்டால் சிறை இல்லை என்ற நிபந்தனையோடு, விடுவிப்பது வழக்கம். அந்தக் காலத்துக்குள் வேறொருவர் படகில் ஏறி மறுபடி சிக்கினால் சிறைதான். இதைக் கரையிலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஏற்றுவது அநியாயம்.

எதிர்க்கரையில் வலை அறுபடுகிறவரும் தமிழ் மீனவரே. போர் முடிந்த பிறகுதான் அவர்கள் முழுமையாகக் கடலுக்குத் திரும்பினார்கள். நம் விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பெரிய வலையான இழுவைமடி, அவர்கள் கடலில் விரித்துவைக்கும் செவுள் வலையை வாரிக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது இதனால்தான். முழக்கத்தின் ‘மக்கள்’ பட்டியலில் அவர்கள் இல்லை.

நம் பக்கம் இழுவைமடியை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற 2017இல் வந்த திட்டத்தில், அப்போது 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 56 லட்சம் மானியமாக இருந்தது. மீதி 24 லட்சத்தில் 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் கைக்காசு. ஒரு ராத்திரி போய்க் காலையில் திரும்பிப் பழகியவர் பல நாள் கடலில் தங்கிச் சூரை பிடிக்க வேண்டும். அதற்குப் பயிற்சியும், ஐஸ் வசதியும், ஆழமான துறைமுகமும் வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இவற்றைக் கேளுங்கள்.