கொல்லை மோட்டாரை உபுண்டுவில் இணைத்த அனுபவம்

டெல்டாவில் போர் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஃபேஸ் போவது என்றால் என்னவென்று தெரியும். மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்துபோனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மிச்ச இரண்டு ஃபேஸில் இழுத்துக்கொண்டு ஓடும், சூடேறும், காயில் கருகும். அப்புறம் மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டக் கொடுத்து, திரும்ப இறக்க வேண்டும். மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்கு முன்பே போர்த் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விட்டிருக்கும் நேரத்தில் இப்படி ஆனால் நாற்றங்கால் காய்ந்துவிடும்.

எங்கள் வீடு பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் இடையில். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். கொல்லையில் 5 எச்பி மோட்டார். எனக்கு வேண்டியிருந்தது மூன்றே விஷயம்: ஃபேஸ் போனால் மோட்டார் நிற்கணும், மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று அப்பாவுக்குப் படியேறாமல் தெரியணும், ராத்திரி கொல்லை விளக்கு தானாக எரியணும். இதற்கெல்லாம் ஆப்போடு வரும் ரெடிமேட் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் விளக்கையே போடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் டவரும் போய் டெல்டாவின் பல ஊர்கள் கிடந்த கிடப்பைப் பார்த்தவள் நான். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் வேலை நடக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். அதனால் பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதில் வீட்டுக் கருவிகளை ஆட்டிவைக்கும் ஹோம் அசிஸ்டென்ட், ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் கருவிகளோடு பேசும் ஜிக்பீ2எம்க்யூடிடி, இவற்றுக்கிடையே செய்திகளைக் கடத்தும் மொஸ்கிட்டோ மூன்றையும் ஏற்றினேன். எல்லாமே ஓப்பன் சோர்ஸ். இவற்றை ஏற்றுவது கஷ்டமில்லை. யுஎஸ்பியில் சொருகிய கருவிகளைப் பேச வைத்ததுதான் பெரிய வேலை. அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

சொருகியவை இரண்டு. ஒன்று ஜிக்பீ ஸ்டிக்; உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ரேடியோ சிப், அதற்கும் யுஎஸ்பிக்கும் நடுவில் சிபி2102 சிப். மற்றொன்று ஆர்எஸ்485 என்ற நீண்ட தூர ஒயர் இணைப்புக்கான அடாப்டர். மோட்டார் கொட்டகையில் இருக்கும் மும்முனை மீட்டரை மோட்பஸ் என்ற தொடர்பு முறை வழியாகப் படிப்பதற்கு. அதில் இருப்பது சிஎச்340 சிப்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடாப்டர் டப்பாவில் டிரைவர் சிடி இருக்கும், தயாரிப்பாளர் தளத்தில் லினக்ஸ் டிரைவர் என்று ஒரு பழைய ஜிப் கோப்பும் இருக்கும். இரண்டும் வேண்டாம். சிபி2102-க்கான சிபி210எக்ஸ், சிஎச்340-க்கான சிஎச்341, இரண்டு டிரைவருமே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, சொருகினால் தானாக ஏறிக்கொள்ளும். வெளியிலிருந்து எடுத்து ஏற்றிய டிரைவர், அடுத்த கெர்னல் அப்டேட்டில் வேலை செய்யாமல் போகலாம். ஊரில் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் மெஷினுக்கு அது ஆகாது.

சரி, டிரைவர் இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சனை? ஜிக்பீ ஸ்டிக்கைச் சொருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் போர்ட் வந்துவிட்டது. ஆர்எஸ்485 அடாப்டரைச் சொருகினால் சொருகிய கருவிகளைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் 1ஏ86:7523 என்று அதன் அடையாள எண் தெரிகிறது, ஆனால் போர்ட் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கேபிளை மாற்றுவது, ரீபூட் செய்வது என்று இறங்காமல் கெர்னல் எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் பார்ப்பதே நல்லது. டிமெசேஜை ஓடவிட்டபடி அடாப்டரைக் கழற்றிச் சொருகினேன். சிஎச்341 டிரைவர் ஏறுகிறது, டிடிஒய்யுஎஸ்பி1 உருவாகிறது, அடுத்த வரியிலேயே பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அந்த இடைமுகத்தை எடுத்துக்கொள்கிறது, போர்ட் துண்டிக்கப்பட்டது என்று முடிகிறது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிகளுக்கான நிரல். சில பிரெயில் கருவிகளிலும் இதே சிஎச்340 சிப்தான், அடையாள எண்ணும் இதேதான். அதனால் எங்கள் மீட்டர் அடாப்டரைப் பிரெயில் கருவி என்று நினைத்து அது பிடித்துக்கொண்டது. உபுண்டு 22.04-இல் இது பலருக்கும் வந்த தொல்லை. இதற்காக அந்த நிரலைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண் தெரியாத ஒருவர் யாருடைய உதவியும் இல்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அது முந்திக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் அதன் தேவை இல்லை என்பதால் நீக்கினேன். தேவை இருக்கும் வீட்டில் நீக்காமல், கருவியைச் சொருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் அதன் யூடெவ் விதிக் கோப்பில் 1ஏ86:7523 இருக்கும் வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் போதும்.

போர்ட் வந்தது, ஆனால் திறக்க அனுமதி இல்லை என்றது. சீரியல் போர்ட்டுகள் டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம்; நிரலை ஓட்டும் பயனரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். போர்ட்டையே எல்லோருக்கும் திறந்துவிடு என்று ஒரு கமாண்ட் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அடுத்த ரீபூட் வரைக்கும்தான்.

அடுத்து வந்ததுதான் நிஜமான தலைவலி. ஒருநாள் நீண்ட மின்வெட்டு. லேப்டாப்பின் பழைய பேட்டரி தாங்காமல் அணைந்தது. கரண்ட் வந்து அப்பா பட்டனை அழுத்தித் திறந்தபின் விளக்கும் வேலை செய்யவில்லை, மீட்டரும் வரவில்லை. போனில் அப்பா சொன்னதை வைத்து ஒன்றும் புரியவில்லை. நேரில் வந்து பார்த்தால், இரண்டு போர்ட்டும் பெயர் மாறியிருந்தன. 0 ஆக இருந்தது 1, 1 ஆக இருந்தது 0. பூட் ஆகும்போது எந்த அடாப்டரைக் கெர்னல் முதலில் கண்டுகொள்கிறதோ அதற்கு 0. ஜிக்பீ நிரல் மீட்டரிடமும், மோட்பஸ் நிரல் ஜிக்பீ ஸ்டிக்கிடமும் பேசிக்கொண்டிருந்தன.

இதற்கு வழக்கமான மருந்து, டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் இருக்கும் நீளமான பெயரைப் பயன்படுத்துவது. அதில் கருவியின் வரிசை எண்ணும் சேர்ந்திருக்கும், எப்போதும் மாறாது. ஜிக்பீ ஸ்டிக்குக்கு அதையே கொடுத்தேன். ஆனால் நான் வாங்கிய மலிவான சிஎச்340 அடாப்டரில் வரிசை எண்ணே கிடையாது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் பரவாயில்லை. தொட்டிக்கான சென்சார் போர்டிலும் அதே சிப். இரண்டையும் ஒன்றாகச் சொருகினால் எது எதுவென்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எந்த யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருக்கிறது என்பதை வைத்து ஒரு யூடெவ் விதி எழுதினேன்: இந்த ஓட்டையில் வரும் டிடிஒய் கருவிக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வை. லேப்டாப்பில் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அம்மாவிடம் ‘இதைக் கழற்றினால் இதே இடத்தில்தான் திரும்பச் சொருகணும்’ என்று சொல்லிவைத்தேன்.

கூடவே இன்னொரு வரி. இன்டர்நெட்டுக்கு 4ஜி டாங்கிள் இருப்பதால் அதை இயக்கும் மோடம்மேனேஜர் என்ற நிரலை நீக்க முடியாது. அது சும்மா இருக்கும் சீரியல் போர்ட்டை மோடமோ என்று தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. இந்த இரண்டு கருவிகளையும் கண்டுகொள்ளாதே என்று யூடெவ் விதியிலேயே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டேன்.

மீட்டரைப் படித்த அனுபவம் எனக்கு மிகவும் பிடித்தது. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு லேன் கேபிளின் ஒரு ஜோடியை ஆர்எஸ்485-க்கு எடுத்துக்கொண்டோம். முதலில் பதிலே இல்லை. ஏ, பி ஒயரை மாற்றிப் போட்டதும் எண்கள் வந்தன. வந்தது வோல்டேஜ் இல்லை. ஒரு ஃபேஸுக்கு இரண்டு எண்கள், முதலாவது 17254, இரண்டாவது தாறுமாறாக ஓடுகிறது. சாயங்காலம் ஊரில் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் முதல் எண் 17240-க்கு இறங்கியது. அந்த இறக்கத்தைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. மோட்பஸ் ரிஜிஸ்டர் ஒன்று 16 பிட். மீட்டர் அனுப்புவதோ 32 பிட் தசம எண். பாதியாக வெட்டி இரண்டு ரிஜிஸ்டரில் வைக்கிறது. சேர்த்துப் படித்தால் 17254 என்பது 230 வோல்ட், 17240 என்பது 216 வோல்ட். 128 வோல்ட்டிலிருந்து 255 வரை, முதல் எண் ஒன்று குறைந்தால் ஒரு வோல்ட் குறைகிறது என்று அர்த்தம். எந்தப் பாதி முன்னால் வரும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். தலைகீழாகச் சேர்த்தால் அபத்தமான எண் வரும்.

ஃபேஸ் போனதை வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்போம். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் நிறுத்தினார். “அதை நம்பாத தங்கச்சி. மோட்டார் ஓடிக்கிட்டிருக்கப்ப ஒரு ஃபேஸ் போனா, மோட்டாரே அந்த லைன்ல வோல்டேஜைத் திருப்பி அனுப்பும். மீட்டர்ல எல்லாம் இருக்கிற மாதிரியே காட்டும். ஆம்பியரைப் பாரு.” முழுக்க உண்மை. சுற்றும் மோட்டார் அறுந்த ஃபேஸிலும் மின்னழுத்தத்தை உண்டாக்கும். கரண்ட் மட்டும் அப்படி இல்லை. அறுந்ததில் பூஜ்யமாகும், மற்ற இரண்டில் ஏறும். எங்கள் மோட்டார் சாதாரணமாக ஒவ்வொரு ஃபேஸிலும் 8 ஆம்பியர் சுற்றளவில் எடுக்கிறது. ஒன்று பூஜ்யத்துக்கு வந்து மற்றவை ஏறி, அது மூன்று வினாடி நீடித்தால் நிறுத்து என்று விதி எழுதினேன்.

நிறுத்துவதற்கு ஜிக்பீ ரிலே. அதை நேராக ஸ்டார்ட்டரில் கோர்க்கக் கூடாது. எங்கள் ஸ்டார்ட்டர் காயில் இரண்டு ஃபேஸ் நடுவே 415 வோல்ட்டில் வேலை செய்வது, ஜிக்பீ ரிலே தாங்குவது 250 வோல்ட். அண்ணன் நடுவில் இன்னொரு ரிலே வைத்து, அதன் தொடர்பை ஸ்டாப் பட்டனோடு வரிசையில் சேர்த்தார். கம்ப்யூட்டரால் மோட்டாரை நிறுத்த மட்டுமே முடியும், போட முடியாது. லேப்டாப் செத்தாலும் அப்பா வழக்கம்போல பச்சைப் பட்டனை அழுத்திப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஓவர்லோட் ரிலேயையும் ஃபேஸ் பிரிவென்டரையும் எடுக்கவில்லை. எடுக்கவே கூடாது. நான் எழுதிய விதி அவற்றுக்குக் கூடுதல் துணை, அவ்வளவுதான். இந்த ஒயரிங்கைத் தெரிந்தவர் கையால்தான் செய்ய வேண்டும். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

ஜிக்பீயில் டிரைவர் சரியான பிறகும் சிக்னல் பிரச்சனை இருந்தது. ஸ்டிக்கை யுஎஸ்பி 3.0 ஓட்டையில் சொருகினால் கொட்டகை ரிலே அடிக்கடி காணாமல் போகும். யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெலே 2012-இல் ஓர் அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஜிக்பீயும் அதே அலைவரிசைதான். யுஎஸ்பி 2.0 ஓட்டைக்கு மாற்றி, ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஸ்டிக்கைத் தூக்கி ஜன்னல் கம்பியோரம் தொங்கவிட்டேன். வைஃபை 1-ஆம் சேனலில் இருந்ததால் ஜிக்பீயை 25-க்குத் தள்ளினேன். எங்களுடையது தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீடு, சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். அதனால் மாட்டுக்கொட்டகையில் ஒரு ஜிக்பீ பிளக் வைத்தேன். கரண்டில் இயங்கும் ஜிக்பீ கருவிகள் பொதுவாக வழியில் நின்று செய்தியைக் கடத்தும்; பேட்டரியில் ஓடுபவை கடத்தாது. அப்புறம் துண்டிப்பு நின்றது.

தொட்டி சென்சாரைப் பற்றிச் சுருக்கமாக: ஈஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டில் ஈஎஸ்பிஹோம் என்ற நிரலை ஏற்றினேன். போர்டை லேப்டாப்பில் சொருகியும் டிமெசேஜில் ஒரு வரிகூட வராவிட்டால், அநேகமாக அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், உள்ளே டேட்டா ஒயர் இருக்காது. நான் வைத்த, ஒலியலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு இருபது சென்டிமீட்டருக்குள் வரும் நீர் சரியாகத் தெரியாது, அதனால் தொட்டியின் விளிம்பைவிட உயரமாகப் பொருத்த வேண்டும். மொஸ்கிட்டோ 2.0-க்குப் பிறகு, நாம் கேட்டாலொழிய அந்த மெஷினுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது. அதன் அமைப்புக் கோப்பில் லிஸனர் வரியும் கடவுச்சொல்லும் எழுத வேண்டும்.

சோதனைக்கு யாரும் ஃபியூஸைப் பிடுங்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, ஒரு ஃபேஸில் பூஜ்யம், மற்ற இரண்டில் 14 என்று பொய்யான எண்களை மொஸ்கிட்டோவுக்குத் தொடர்ந்து அனுப்பினேன். மூன்று வினாடி கழித்துக் கொட்டகையில் ‘டக்’ என்று காண்டாக்டர் விழுந்தது, வரப்பில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. “அட, நெசமாவே நிக்குதேம்மா” என்றார் அப்பா. திரும்பத் தானே பட்டனை அழுத்திப் போட்டு, இன்னொரு தடவை நிறுத்திக் காட்டச் சொன்னார்.

இப்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் கபிஸ்தலம் பக்கம் இன்னொரு வீட்டுக்கும் இதையே கேட்கிறார். அவருக்கு எழுதிக்கொடுத்த வாங்க வேண்டிய பட்டியலில் ஒரே மாற்றம்: ஆர்எஸ்485 அடாப்டர் விலை கூடினாலும் வரிசை எண்ணோடு வரும் எஃப்டிடிஐ சிப்பில் வாங்கணும். அதற்கான எஃப்டிடிஐ-எஸ்ஐஓ டிரைவரும் கெர்னலிலேயே இருக்கிறது. பை-ஐடி பெயர் போதும், சிவப்பு டேப் ஒட்ட வேண்டியிருக்காது.