மீட்டர்கேஜ் பெட்டிக்கு ரெசினில் பாகம் வார்க்கக் கற்றுக்கொண்டது

மதுரை–போடி மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையாக மாறி 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் மறுபடி வண்டி விட்டார்கள். எனக்கு அந்தப் பழைய சின்ன ரயில் மாடலாக வேண்டும். 1:87 அளவில் செய்தால் மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் பொருந்தும். பெட்டியின் உடம்பைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டிவிடலாம். சிக்கல் போகியில்தான், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் வண்டியில். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஃப்ரேம் (பக்கச் சட்டம்). ஐந்து பெட்டிக்கு இருபது ஃப்ரேம், இருபதும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். கையால் வெட்டி அது நடக்காது. அப்படித்தான் ரெசின் வார்ப்புக்குள், அதாவது இறுகிக் கெட்டியாகும் திரவத்தை அச்சில் ஊற்றிப் பாகம் எடுக்கும் வேலைக்குள் வந்தேன்.

முதலில் மாஸ்டர், அதாவது எதை நகல் எடுக்கப் போகிறோமோ அந்த மூலப் பாகம். பட்டை ஸ்பிரிங்குக்காக மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் குட்டையாக வெட்டி அடுக்கினேன். நகத்தால் வருடினால் படிப்படியாகத் தட்டுப்பட வேண்டும். அச்சு எடுக்கும் சிலிகான் ரப்பர் கைரேகையைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். மாஸ்டரில் ஒரு கீறல் இருந்தால் இருபது ஃப்ரேமிலும் அந்தக் கீறல் இருக்கும். அதனால் ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தேய்த்து, மறுபடி அடித்தேன். மொத்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் இதற்கே போனது. போகட்டும், போக வேண்டிய இடம் இதுதான்.

அச்சுக்கான சிலிகானில், இறுகவைக்கும் பொருளைப் பொறுத்து, பிளாட்டினம், டின் (வெள்ளீயம்) என்று இரண்டு வகை உண்டு. பிளாட்டினம் வகை சுருங்காது, நீண்ட நாள் தாங்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண் பட்டாலோ, மாஸ்டர் ரெசின் பிரிண்டரில் எடுத்ததாக இருந்தாலோ, தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். டின் வகை காலப்போக்கில் லேசாகச் சுருங்கும், ஆனால் இந்த அளவுக்கு அடம் பிடிக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு டின் வகையைத்தான் சொல்வேன். நான் வாங்கியதில் 100 கிராம் ரப்பருக்கு 3 கிராம் ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்). கண்ணளவு இங்கே உதவாது. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் பார்ப்போமே, அந்த மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும்.

ஃப்ரேமின் பின்பக்கம் தட்டை. அதனால் திறந்த அச்சே போதும். மாஸ்டரை அக்ரிலிக் துண்டில் ஒட்டி, சுற்றிலும் சுவர் கட்டி, சிலிகானின் முதல் பூச்சை பிரஷ்ஷால் ஸ்பிரிங் இடுக்குகளில் தடவினேன். மிச்சத்தைப் பெட்டியின் ஒரே மூலையில், உயரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிசாக ஊற்ற வேண்டும். குமிழ்கள் இழுபட்டு வரும் வழியிலேயே உடைந்துவிடும்.

நடு பஃபர்தான், அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும் அதிர்ச்சியைத் தாங்கும் பாகம்தான், பெரிய பாடம். மீட்டர்கேஜ் பெட்டிக்கு முனையில் நடுவாக ஒரே ஒரு பஃபர், அது உருண்டை. இரண்டு பாதி அச்சு இல்லாமல் வராது. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் பெரியவர் ஒருவரிடம் மாஸ்டரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க அகலமா இருக்கோ அங்கதான் பிரிக்கணும் தம்பி. அதுக்கு மேல ஏறுனா பாதிக்குள்ள மாட்டிக்கும்” என்றார். அப்புறம், “ஊத்துறதுக்கு வழி வச்சீங்க சரி, காத்து எது வழியா போகும்?” என்று கேட்டார். அவர் புழங்குவது களிமண்ணும் பிளாஸ்டர் அச்சும்தான். ஆனால் கேள்வி ரெசினுக்கும் அதேதான். பஃபரைச் சரியாகப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, பாதிகள் நகராமலிருக்க ஓரத்தில் குழிகள் போட்டு, மேல் நுனியில் காற்றுக்கு ஒரு தனித் துளை விட்டேன். முதல் பாதி இறுகியதும் வாஸ்லின் தடவித்தான் இரண்டாம் பாதியை ஊற்ற வேண்டும். தடவாவிட்டால் சிலிகான் சிலிகானோடு ஒட்டி ஒரே கட்டியாகிவிடும்.

ரெசின் விஷயத்துக்கு வருகிறேன். ஃபைபர் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பாலியெஸ்டர். நாற்றம் தாங்காது, மெல்லிய பாகம் நொறுங்கும், அச்சையும் சீக்கிரம் கெடுக்கும். நான் எடுத்தது இரண்டு திரவங்களைச் சரிக்குச் சரி கலக்கும் பாலியூரித்தேன். கலந்தபின் சில நிமிடம்தான் அவகாசம். வெயில் ஏற ஏற அதுவும் குறையும், அதனால் சித்திரையில் விடியற்காலையில்தான் ஊற்றுவேன். ஐப்பசி மழையில் வேறு தொல்லை. இதன் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, பாகம் நுரைத்த ரொட்டி மாதிரி ஆகிவிடும். பேப்பர் கப்பும் ஐஸ் குச்சியும் ஈரத்தை வைத்திருக்கும். பிளாஸ்டிக் கப்பும் ஸ்டீல் கம்பியும் நல்லது. பாட்டிலை எடுத்த கையோடு இறுக்கி மூடிவிட வேண்டும்.

அச்சில் முகப்பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் ரெசின் இடுக்கெல்லாம் தானாக ஓடும். ஊற்றி முடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது, தடித்த இடத்தில் முதலில் பால் போல வெளுத்து, அந்த வெள்ளை ஓரங்களுக்குப் பரவும். கனத்த இடம் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். மெல்லிய ஸ்பிரிங் நுனி தாமதிக்கும், அவசரப்பட்டு இழுத்தால் வளைந்துவிடும். ஊற்றும் முன் அச்சைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தெடுத்தால் அந்த நுனியும் ஒழுங்காக இறுகுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாலியூரித்தேன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். மொட்டை மாடி போலக் காற்றோட்டமான இடம், நைட்ரைல் கையுறை, வாயு வடிகட்டும் முகக்கவசம் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். துணி மாஸ்க் போதாது. தேய்ப்பதைத் தண்ணீர் தொட்டே செய்யுங்கள், தூசி பறக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாட்டில்களைப் பூட்டி வையுங்கள்.

வார்த்த பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்து ப்ரைமர் அடிக்கிறேன். வாஸ்லின் பிசுக்கு மிச்சமிருந்தால் பெயிண்ட் உரிந்து வரும். வார்க்க வார்க்க அச்சின் கூரான ஓரங்கள் கிழியும். அதனால் முதலில் வந்தவற்றில் குறையில்லாத ஃப்ரேம் ஒன்றையும் பஃபர் ஒன்றையும் பெயிண்ட் அடிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். மாஸ்டர் உடைந்தாலும் அடுத்த அச்சை இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.